பதிவு போட்டால் கருத்துச் சொன்னதாகுமா?



அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகின்றது. “பள்ளிகளுக்கான சுகாதார வழிகாட்டிகளைப் பற்றி மக்களிடம் தனியே கருத்துக் கேட்க வேண்டியதில்லை. மக்கள்தாம் முகநூலிலும் டிக்டாக்கிலும் நாள்தோறும் கொட்டிக்கொண்டிருக்கிறார்களே, அவற்றைத் திரட்டிப் பார்த்தால் போதும்” என்பதே அந்தப் பேச்சு. அலுவலகங்களில் இருப்போர் இப்படிச் சொல்வதில் எனக்கு வியப்பில்லை. கூட்டம் கூட்டுவதைவிடத் திரையைப் பார்ப்பது அவர்களுக்கு எளிது. பெற்றோர்களும் ஆசிரியர்களும் அதையே மகிழ்ச்சியோடு திருப்பிச் சொல்வதுதான் என்னை எழுத வைத்தது. “நாம் போட்ட போடில் விதியையே மாற்றிவிட்டார்கள் ஐயா!” என்று பெருமைப்படுகிறார் ஒரு நண்பர்.

நான் இதனை மறுக்கின்றேன். சமூக ஊடகப் பதிவு ஒரு முறையீடாக இருக்கலாம். ஓர் எச்சரிக்கையாக இருக்கலாம். பல வேளைகளில் வெறும் எரிச்சலாகவும் இருக்கலாம். அதனைப் ‘பொதுமக்கள் கருத்து’ என்று கணக்கில் எழுதுவது, கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டதற்குப் போடும் முக்காடு. சொல் கடுமையாகத் தோன்றலாம். தெரிந்தேதான் எழுதுகின்றேன்.

நாம் எல்லோரும் பட்டு உணர்ந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2019 செப்டம்பரில் புகைமூட்டம் நாட்டைச் சூழ்ந்தது. பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. மூடுவதா வேண்டாமா என்பதற்கு அளவுகோலாக இருந்தது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. நாம் ஐ.பி.யு. என்கிறோமே, அதுதான். 100-ஐத் தாண்டினால் உடல்நலத்திற்குக் கேடு. 200-ஐத் தாண்டினால் மிகுந்த கேடு. 300-ஐத் தாண்டினால் பேராபத்து. 200 என்பதே பள்ளிக் கதவை மூடும் எண்.

அந்நாட்களில் பெற்றோர்கள் என்ன செய்தார்கள்? ஏர்விசுவல் என்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டார்கள். அது காட்டிய எண்ணையும் அரசு வெளியிட்ட எண்ணையும் அருகருகே வைத்துப் படமெடுத்து முகநூலில் ஏற்றினார்கள். செயலியின் எண் உயர்ந்திருக்கும். அரசின் எண் தாழ்ந்திருக்கும். ‘பார்த்தீர்களா, மறைக்கிறார்கள்!’ என்ற வாசகத்தோடு அப்படங்கள் வீட்டுக்கு வீடு பறந்தன. எங்கள் பள்ளிப் புலனக் குழுவில் மட்டும் ஒரே படம் ஒரே காலையில் நான்கு முறை வந்தது.

உண்மையில் நடந்தது வேறு. செயலி பயன்படுத்தியது அமெரிக்க அளவுகோல். அதுவும் அண்மைய மணிநேரங்களின் நுண்துகள் அளவை முதன்மையாகக் கொண்டது. நம் நாட்டுக் குறியீட்டில் நுண்துகளைக் கணிப்பது 24 மணிநேரச் சராசரியைக் கொண்டு. அளவுகோல் வேறு, கால அளவும் வேறு. ஒருவர் அங்குலத்தில் அளந்தார், மற்றவர் சென்டிமீட்டரில் அளந்தார். இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்று சண்டை மூண்டது.

இப்போது அந்தப் பதிவுகளை எல்லாம் திரட்டி ‘மக்கள் கருத்து’ என்று ஓர் அறிக்கை எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? ‘அரசு உண்மையை மறைப்பதாக இத்தனை ஆயிரம் பேர் கருதுகின்றனர்’ என்று இருந்திருக்கும். அதற்கு மறுமொழி, ‘நாங்கள் எதையும் மறைக்கவில்லை, பொய்ச் செய்தி பரப்ப வேண்டாம்’ என்று வந்திருக்கும். கணக்கு முடிந்தது. கோப்பு மூடப்பட்டது.

ஆனால் அந்தப் பதிவுகளுக்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருந்தது. காலை ஏழரை மணிக்குச் சபை கூடலில் நிற்கும் பிள்ளை இழுப்பது நேற்றைய காற்றையன்று. அந்த நேரத்துக் காற்றை. அப்படியிருக்க, அப்பிள்ளையைத் திடலில் நிறுத்துவதா வேண்டாமா என்பதற்கு 24 மணிநேரச் சராசரி எப்படி வழிகாட்டும்? ஒரே ஒரு பெற்றோரை நேரில் அமர்த்தி, ‘அம்மா, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் இந்தக் கேள்வி வெளியே வந்திருக்கும்.

பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரிலும் இதே கூக்குரல் எழுந்தது. 2013 ஜூன் 21-ஆம் நாள் அங்கே குறியீடு 401 வரை ஏறிற்று. அதுவரை காணாத அளவு. 2014 ஏப்ரலிலிருந்து அவர்கள் நுண்துகளையும் தங்கள் குறியீட்டுக்குள் சேர்த்தார்கள். இன்று அங்கே ஒரு மணிநேர நுண்துகள் அளவும் வெளியிடப்படுகின்றது. இப்போது வெளியே போகலாமா என்பதற்கு ஒரு மணிநேர அளவைப் பார். நாளைக்குத் திட்டமிட 24 மணிநேர அளவைப் பார் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். ஒரு பெற்றோருக்கு வேண்டியது இவ்வளவுதான். ‘மறைக்கிறார்கள்’ என்று எழுதியவர்களின் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தால் இந்த விடை கிட்டாது.

சரி, பதிவு போடுவோரின் கதை இது. பதிவே போடாதவர்கள் எங்கே?

2020 ஏப்ரலில் கல்வி அமைச்சு ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்களைப் பற்றி அவர்தம் பெற்றோரிடம் திரட்டிய விவரம் அது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்பது அதன் முடிவு. மடிக்கணினி வைத்திருந்தோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. இல்லிருப்புக் கற்றலைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். அதே எண்ணை நான் இங்கே வேறொரு காரணத்திற்காகக் காட்டுகின்றேன். வகுப்பில் சேர முடியாத வீடு, முகநூலிலும் தன் குறையைச் சொல்ல முடியாத வீடாகத்தானே பெரும்பாலும் இருக்கும்? தந்தையிடம் ஒரே கைப்பேசி, அவர் காலை ஐந்தரைக்கு அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார், இரவு எட்டுக்கு வருவார், தரவு தீர்ந்திருக்கும். தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றிய எவருக்கும் இந்த வீட்டைத் தெரியும்.

2020 நவம்பரில் தொற்று மீண்டும் கூடியபோது ‘பள்ளிகளை மூடு’ என்ற குரல் சமூக ஊடகத்தில் ஓங்கிற்று. பள்ளிகள் மூடப்பட்டன, அவ்வாண்டின் தவணை முடியும்வரை திறக்கப்படவில்லை. மூடியது தவறு என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. அச்சம் உண்மையானது, உயிரிழப்புகளும் உண்மையானவை. நான் கேட்பது ஒன்றுதான்: பள்ளியில் கிடைத்த ஆர்.எம்.டி. உணவே அன்றைய முதல் உணவாக இருந்த பிள்ளையின் தாய், ‘மூடாதீர்கள்’ என்று எங்கே பதிவு போட்டாள்? அவள் போடவில்லை. போடாததனால் அவளுக்குக் கருத்தே இல்லை என்று ஆகிவிட்டது. இந்த முறையின் கொடுமை இதுவே. பேசாதவரைப் ‘பேசாதவர்’ என்றுகூட இது குறித்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு வீடு போய்க் கேட்கும் ஆய்வில், கதவு திறக்காத வீடும் ஒரு கோடாகத் தாளில் இருக்கும். திரையில் அந்தக் கோடு இல்லை.

அடுத்து ஆசிரியர்கள். ஒரு சுகாதார விதி வகுப்பறையில் எப்படி நடக்கும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. ஆனால் 1993-ஆம் ஆண்டின் அரசு அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் இருக்கின்றன. அவற்றின் 19-ஆம் விதி, அரசின் கொள்கையையோ முடிவையோ பாதிக்கும் வகையில் பொதுவில் அறிக்கை விடுவதைத் தடுக்கின்றது. எழுத்துவழி அனுமதி வேண்டும். நம் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். ஆகவே, ‘இந்த வழிகாட்டி எங்கள் பள்ளிக்குப் பொருந்தாது’ என்று முகநூலில் எழுதும் ஆசிரியர் தம் தலையில் தாமே கல்லைப் போட்டுக்கொள்கிறார். ஒரு கையால் ஆசிரியரின் வாயைக் கட்டிவிட்டு, மறுகையால் முகநூலைத் திறந்து ‘மக்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்’ என்றால் என்ன பொருள்? பார்க்கும் இடத்தில் அறிந்தவர் இல்லை என்று பொருள். (இதை எழுதும் நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். விரல்கள் இப்போது சற்றுத் தாராளமாகவே ஓடுகின்றன.)

மொழியையும் சொல்லியாக வேண்டும். நம் பெற்றோர்கள் எழுதும் தமிழ் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பாதி தமிழ், பாதி மலாய், நடுவே ஆங்கிலம். அதிலும் பெரும்பகுதி உரோமன் எழுத்தில். “அடேங்கப்பா, சூப்பர்லா உங்க எஸ்.ஓ.பி.!” என்று ஓர் அம்மா எழுதினால் அவர் பாராட்டுகிறாரா? கணினி நிரலைக் கொண்டு பதிவுகளை மகிழ்ச்சி, சினம், அச்சம் என்று பிரிக்கிறார்களாம். இந்த அம்மாவை அது மகிழ்ச்சிக் கூடையில் போட்டுவிடும். அதுவும் முகநூலில் பொதுவில் எழுதினால்தான். நம்மவர்கள் மனம்விட்டுப் பேசுவது புலனக் குழுக்களில். அவை பூட்டிய அறைகள். எந்த நிரலும் அங்கே நுழைவதில்லை, நுழையவும் கூடாது.

இனி, பதிவுகள் எதைப் பேசுகின்றன என்று பார்ப்போம். சினம் வரக்கூடியதையே பேசுகின்றன. ஆனால் வழிகாட்டிகள் தவறிப்போவது பெரும்பாலும் யாருக்கும் சினம் வராத சிறு இடங்களில்தான்.

2020 ஜூலையில் தொடக்கப்பள்ளிகள் மீண்டும் திறந்தபோது முகக்கவரி பற்றி முகநூலில் பெரும்போர் நடந்தது. ஏழு வயதுப் பிள்ளை ஐந்து மணிநேரம் முகக்கவரி அணியலாமா, மூச்சு முட்டுமா, எந்த வகை நல்லது என்று ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எழுதினார்கள். கைகழுவுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. கைகழுவுவதில் சண்டையிட என்ன இருக்கிறது? எனக்கு இருந்தது ஒரு கணக்கு. ஓய்வு நேரம் 20 நிமிடம். உண்பதற்கு முன் 20 விநாடி சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும் என்பது அறிவுரை. ஓய்வுக்கு வரும் பிள்ளைகள் 120 பேர், குழாய்கள் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய்க்கு 30 பேர். கழுவ 20 விநாடி, விலகி அடுத்தவர் வர 10 விநாடி. 30 பேருக்கு 15 நிமிடம். உண்பதற்கு மிஞ்சுவது 5 நிமிடம். இடைவெளி விட்டு வரிசை நிற்கவும் வேண்டும். அந்த வரிசை சிற்றுண்டிச்சாலையைத் தாண்டித் திடலுக்குப் போய்விடும். என்ன நடக்கும்? பிள்ளைகள் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடுவார்கள். அதுதான் நடந்தது. படிவத்தில் ‘கைகழுவினர்’ என்று நாமும் குறியிட்டோம்.

ஓய்வை இரண்டாகப் பிரிக்கலாம். வகுப்புக்கு வகுப்பு பத்து நிமிட வேறுபாடு வைக்கலாம். இரண்டு வாளியும் குவளையும் வாங்கலாம். தீர்வுகள் எளியவை. ஆனால் வழிகாட்டியை எழுதியவருக்கு இந்தக் கணக்குத் தெரிய வேண்டும். அது எந்தப் பதிவிலும் இல்லை. துப்புரவுப் பணியாளரின் கதையும் அப்படியே. வகுப்பறையிலேயே பிள்ளைகள் உண்டார்கள். சோற்றுப் பருக்கையும் எறும்பும் மேசைக்கு அடியில். ஒரே பணியாளர் எல்லா வகுப்புகளையும் கூட்டி, கைப்பிடிகளையும் துடைத்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு முகநூல் கணக்கும் இல்லை.

‘நாம் போட்ட போடில் விதி மாறியது’ என்று என் நண்பர் சொன்னாரே, அதற்கு வருவோம். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய சில நாட்களில், வீட்டிலிருக்கும் மனைவியர் கணவரிடம் டோராமோன் குரலில் கொஞ்சிப் பேசலாம், ஒப்பனை செய்துகொள்ளலாம் என்று மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு படம் போட்டு அறிவுரை கூறியது. நாடே சிரித்தது, வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தது. அம்மாத இறுதிக்குள் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். நல்லது. அத்தகைய அபத்தத்தைப் பிடித்து நிறுத்தச் சமூக ஊடகம் போதும். அதற்கு ஆழ்ந்த கருத்துக்கணிப்புத் தேவையில்லை.

2021 பிப்ரவரி வேறு வகை. சீனப் புத்தாண்டுக்கான விதிமுறை வந்தது. புத்தாண்டுக்கு முந்திய இரவின் குடும்ப விருந்தில் ஒரே வீட்டில் வசிப்போர் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்றது. இரவுச் சந்தைக்கு அனுமதி உண்டு, தாய்தந்தையோடு உண்பதற்கு அனுமதி இல்லையா என்ற கேள்வி எங்கும் எழுந்தது. முற்றிலும் நியாயமான கேள்வி. சில நாட்களில் விதி மாறியது: 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசிக்கும் உறவினர், 15 பேர் வரை கூடலாம். சீன நண்பர்கள் ஆறுதலடைந்தார்கள். எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஆசிரியப் புத்தி சும்மா இருக்குமா? 15 எங்கிருந்து வந்தது? 10 எங்கிருந்து வந்தது? முதலில் தடுத்ததற்கு மருத்துவக் காரணம் இருந்தது என்றால் அது சில நாட்களில் எங்கே போயிற்று? இல்லை என்றால் முதலில் ஏன் தடுத்தார்கள்? மாணவன் கணக்கில் விடையை மட்டும் எழுதினால் நாம் மதிப்பெண் தருவதில்லை. வழிமுறையைக் காட்டு என்கிறோம்.

வழிமுறை காட்டாமல் விதி மாறும்போது மக்கள் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: இது மருத்துவம் அன்று, பேரம். சத்தம் போட்டால் 10, இன்னும் சத்தம் போட்டால் 20. அந்த எண்ணம் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு உண்மையாகவே உயிர்காக்கும் விதி வந்தாலும் அதையும் பேரம் பேசத்தான் பார்ப்பார்கள். 2022 பிப்ரவரியில் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, எத்தனைப் பெற்றோர்கள் ‘கொஞ்ச நாள் பொறுப்போம், எப்படியும் மாற்றிச் சொல்வார்கள்’ என்று என்னிடமே கூறினார்கள்! அவர்களை அறிவிலிகள் என்று நான் சொல்ல மாட்டேன். அதுவரை பார்த்ததை வைத்துப் பேசினார்கள்.

என் கருத்துக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. “ஐயா, முறையாகக் கடிதம் எழுதினால் பதில் வர ஆறு மாதம், பதிவு போட்டால் இரண்டு நாளில் ஆள் வருகிறார்கள்.” உண்மைதான். 2020 ஜூனில் சபாவில் ஒரு மாணவி இணையத் தொடர்பு வேண்டி மரத்தின்மேல் தங்கித் தேர்வு எழுதிய காணொளி வெளிவந்திராவிட்டால், அக்காட்டுப்புறக் கிராமத்தின் நிலை நமக்குத் தெரிந்திருக்குமா? 2021 ஜூன் இறுதியில் வெள்ளைக்கொடி இயக்கம் பரவியிராவிட்டால், அண்டை வீட்டில் அரிசி தீர்ந்தது அடுத்த வீட்டுக்குத் தெரிந்திருக்குமா? இவற்றை நான் எப்படிக் குறைத்துப் பேசுவேன்? ஆனால் கவனியுங்கள். கடிதத்திற்கு ஆறு மாதம் ஆகின்றது என்பது அலுவலகத்தின் குற்றம். அந்தக் குற்றத்தைத் திருத்தாமல், கடிதப்பெட்டியையே எடுத்துவிட்டு ‘முகநூலில் எழுதுங்கள்’ என்பது தீர்வாகுமா? கடிதப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த மாணவியின் நிலையைக் கேளுங்கள்: காணொளி பரவிய பின்னரும் அவர் தேர்வு எழுதியது உண்மைதானா என்று நாடாளுமன்ற மேலவையிலேயே ஐயம் கிளப்பினார்கள். பதிவு கவனத்தை ஈர்த்தது. நம்பகத்தை அது தரவில்லை.

இங்கிலாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அங்கே மருத்துவ வழிகாட்டிகளை வகுப்பது நைஸ் என்னும் நிறுவனம். நாட்பட்ட களைப்பு நோய்க்கு 2007-இல் அது வெளியிட்ட வழிகாட்டி, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதனால் தங்கள் நிலை மோசமாவதாக நோயாளிகள் பலர் ஆண்டுக்கணக்கில் இணையத்தில் எழுதினார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு வேறு மேடை ஏது? 2021 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டி அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. ‘பார்த்தீர்களா, இணையம் வென்றது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் இடையில் நடந்தவற்றை விட்டுவிடக் கூடாது. ஆய்வுகள் மீண்டும் எடைபோடப்பட்டன. நோயாளிகளே குழுவில் உறுப்பினராக அமர்ந்தார்கள். வரைவு வெளியிடப்பட்டு அமைப்புகள் பெயரோடு கருத்தளித்தன. ஒவ்வொரு கருத்துக்கும் எழுத்தில் பதில் தரப்பட்டது. இணையத்தில் எழுந்த முனகலைக் கேட்டு மருத்துவர் அறைக்குள் வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். முனகலை வைத்தே மருந்து எழுதிவிடவில்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்க்கரை பற்றிய தன் வழிகாட்டியின் வரைவை 2014 மார்ச்சில் பொதுக்கருத்துக்கு விட்டது. கருத்தளிப்போர் தமக்கு இதில் ஏதேனும் நலன் உண்டா என்று அறிவிக்க வேண்டும் என்றது. இனிப்புப் பான நிறுவனத்திற்கு வேலை செய்பவர் அதைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். முகநூலில் ‘இரண்டு பிள்ளைகளின் தாய்’ என்று எழுதுபவர் தாய்தானா, பிள்ளைகளுக்குச் சத்துமாவு விற்பவரா என்று யாருக்குத் தெரியும்? நம் பள்ளிக் குழுக்களிலேயே கைத்தூய்மி விற்றவர்தாம் தொற்றைப் பற்றி அதிகம் எழுதினார்.

நம்மிடம் வழி இல்லை என்று சொல்லாதீர்கள். நாடு முழுவதும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கின்றது. 1998-ஆம் ஆண்டுக் கல்விச் சட்ட விதிமுறைகளின்கீழ் அமைந்த சங்கம். யாரோ விரும்பித் தொடங்கிய மன்றமன்று. ஆண்டுக்கூட்டம் உண்டு, குறிப்பேடு உண்டு, செயலாளர் உண்டு. தோட்டத்து அம்மாவும் அங்கே வந்து தமிழில் பேசலாம். பேசியது எழுத்தில் ஏறும். ஆசிரியரும் அங்கே உறுப்பினர். அது பள்ளியின் உள்கூட்டம், முகநூல் அறிக்கை அன்று. ஆனால் அந்தக் கூட்டங்களில் நாம் எதைப் பேசுகின்றோம்? கழிப்பறை ஓடு, கூடாரம் வாடகை, கனிமநீர்ப் புட்டி. மூன்று மணிநேரம். சுகாதார வழிகாட்டி என்றால் வட்டாரத்திலிருந்து வந்த தாளைத் தலைமையாசிரியர் வாசிப்பார், நாம் தலையாட்டுவோம், வீட்டுக்கு வந்து முகநூலில் பொங்குவோம். என் பணிக்காலத்தில் எங்கள் கைக்கு வந்தவை எல்லாம் முடிந்த முடிவுகளே. வரைவு என்ற ஒன்றை நான் கண்டதில்லை. கேட்டவரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவசரக் காலத்தில் வரைவு விட்டுக் கருத்துக் கேட்க நேரமேது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தொற்று பரவும்போது இன்று எழுதி நாளை அறிவிக்கத்தான் வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கேட்கலாமே! பத்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்: நகரில் நாற்பது பேர் நெருக்கி அமரும் வகுப்பு கொண்ட ஒன்று, தோட்டத்தில் மொத்தமே நாற்பது பேர் பயிலும் ஒன்று, சபாவில் ஒன்று, ஆற்றைக் கடந்து செல்ல வேண்டிய ஒன்று. தலைமையாசிரியரை மட்டும் கேட்காதீர்கள். சிற்றுண்டிச்சாலை நடத்துபவரை, காவலரை, கூட்டுபவரை, பிள்ளையை வண்டியில் ஏற்றி வருபவரைக் கேளுங்கள். எந்தப் பத்தி நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை, என்ன செய்தால் நடக்கும் என்று கேளுங்கள். பிறகு எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுங்கள். முகநூலையும் பாருங்கள், தாராளமாகப் பாருங்கள்; எந்தப் பள்ளிக்கு முதலில் போவது என்று முடிவு செய்ய அது உதவும்.

2025 அக்டோபரில் பள்ளிகளில் சளிக்காய்ச்சல் பரவியபோது மீண்டும் அதே காட்சி. முகக்கவரி அணிய ஊக்குவிப்பு, சில பள்ளிகள் மூடல், முகநூலில் வசைமழை. ஐந்தாண்டுக்கு முன் கற்றதை எந்தத் தாளில் எழுதி வைத்தோம்? எந்தப் பள்ளியிலாவது 2020-இன் கைகழுவும் கணக்கு கோப்பில் இருக்கின்றதா? பதிவுகள் எல்லாம் கீழே போய்ப் புதைந்துவிட்டன. கூட்டக் குறிப்பேடாக இருந்திருந்தால் எடுத்துப் புரட்டியிருக்கலாம்.

அடுத்த புகைமூட்டமோ காய்ச்சலோ வருமுன் உங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வந்துவிடும். அழைப்புக் கடிதத்தில் தீர்மானங்கள் அனுப்புவதற்கான கடைசி நாள் அச்சிடப்பட்டிருக்கும். அதற்குள் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்: நமது பள்ளிக்குப் பொருந்தும் சுகாதார வழிகாட்டிகளில் நடைமுறைக்கு ஒவ்வாத பத்திகளைத் தொகுத்து வட்டாரக் கல்வி அலுவலகத்திற்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கும் அனுப்ப ஒரு சிறு குழு, அதில் சிற்றுண்டிச்சாலை நடத்துநருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஆளுக்கோர் இடம். இதற்கான கடித மாதிரி ஒன்றைத் தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம்தான். வேண்டுவோர் மறுமொழியில் பள்ளியின் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள், அனுப்பி வைக்கிறேன்.